பொங்கலுக்கென்று வைத்த ஆறு கிழங்குகள்

இந்த நாட்டில் குளிர்காலத்தில் பூவைக் காண ஆசைப்படுகிறவர்கள் முதலில் அதைக் கொண்டுபோய் இருட்டறையில் பூட்டி வைக்கிறார்கள். சும்மா சொல்லவில்லை. நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கிற அம்மருட்டில் எங்களுடையதைப் போன்ற உயரக் கட்டடங்களுக்கு அடியில் நிலவறை ஒன்று இருக்கும். வீட்டுக்கு ஒன்றாகக் கம்பிவலை அடித்த சின்னச் சின்ன அறைகள். பனிச்சறுக்குக் கட்டை, பழைய தொட்டில், பிடி கழன்ற சூட்கேஸ் எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒக்டோபரில் இறங்கிப் பார்த்தால் எங்கள் பக்கத்து வீட்டு ரைடுனின் அறையில் மட்டும் கீழ்த்தட்டில் பூச்சாடிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு சாடியின் தலையிலும் வெள்ளைக் கடதாசியில் சுருட்டிய ஒரு கூம்புத் தொப்பி. கடலை சுற்றித் தருவார்களே, அந்தச் சுருளைக் கவிழ்த்து வைத்த மாதிரி. முதல் தடவை பார்த்தபோது யாரோ பிள்ளைகளின் பிறந்தநாள் முடிந்து மிச்சத் தொப்பிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

தொப்பிக்குள் இருப்பது ஹியாசிண்ட் கிழங்கு. கையில் எடுத்தால் பெரிய வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும். அதைப் பத்துக் கிழமை குளிரிலும் இருட்டிலும் வைக்க வேண்டும். மாரி, இங்கத்தைப் பனிக்காலம், வந்துவிட்டது என்று அது நம்ப வேண்டும். பிறகு முளை இரண்டு விரல் உயரம் வந்ததும் மேலே கொண்டுவந்து யன்னலோரம் வைத்தால், மாரி போய்விட்டது என்று நம்பிப் பூக்கும். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்க, உள்ளே நீலமாகப் பூத்து வீடு முழுக்க மணக்கும். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு, குளிர்ந்தால்தான் பூக்கும் என்ற பேச்சு விசர்க்கதை போலத் தோன்றலாம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிற எனக்கே போன மாரிவரைக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த அவநம்பிக்கைக்கு நான் கொடுத்த விலையைத்தான் எழுதப்போகிறேன்.

இந்தக் கிழங்கு வேலை என் மனைவி மங்கையினுடையது. நான் பஸ் ஓட்டின ஆள். மண்ணுக்கும் எனக்கும் சப்பாத்தில் ஒட்டுகிற அளவுக்குத்தான் பழக்கம்.

அவள் கல்யாணம் கட்டி என்னிடம் வந்து இறங்கியது பாட்ஸ்பியோர்ட்டில். நோர்வேயின் வடக்கு நுனியில் இருக்கிற மீன்பிடி ஊர். நாங்கள் கொஞ்சத் தமிழ்ப் பெடியள் அப்போது அங்கே ஆலையில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தோம். அவள் வந்தது நவம்பர் கடைசியில். சூரியன் அதற்குச் சில நாளைக்கு முன்புதான் இரண்டு மாத லீவில் போயிருந்தது. மூன்றாம் நாள் என்னிடம் கேட்டாள், "இஞ்சை எப்ப விடியும்?" தை மாதம் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பகிடி இல்லை என்று தெரிந்ததும் அழுதாள். ஒரு கிழமை அழுதாள். நான் மீன் வெடுக்கோடு வீட்டுக்கு வந்து அவளுக்கு எதிரே இருந்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முந்தின கிழமை, ஆலையில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த நோர்வேஜியப் பெண் கதவைத் தட்டி, பூத்திருந்த ஒரு ஹியாசிண்ட் சாடியை மங்கையின் கையில் கொடுத்துவிட்டு, காலில் இருந்த பனியைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். மங்கை அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இது மல்லிகையும் இல்லை, செண்பகமும் இல்லை. ரெண்டும் ஒரு அறைக்கை நிண்டு சண்டை பிடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவள் வாய் நிறையக் கதைத்தது. அடுத்த நாளிலிருந்து குளித்துவிட்டு வந்து, அந்தத் தண்டில் இருந்து மூன்று பூவை ஆய்ந்து பிள்ளையார் படத்துக்கு வைத்தாள். பூ இருந்தால் ஆய்வது, ஆய்ந்தால் சாமிக்கு வைப்பது. எங்களுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு கிழமை கழித்து அந்தப் பெண் கோப்பி குடிக்க வந்தபோது தண்டு மொட்டையாக நின்றது. அவள் திடுக்கிட்டுப் போய் இலைகளைப் பிரட்டிப் பிரட்டிப் பூச்சி தேடினாள். நாங்கள் இருவரும் பிள்ளையாரைக் காட்டி, "இவருக்கு, இவருக்கு" என்று தெரிந்த நாலு சொல்லில் விளக்கினோம். விளங்கியது என்று தலையாட்டிவிட்டுப் போனவள் அடுத்த நாள் பூச்சிமருந்து ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரிக்கும் மங்கை தானே கிழங்கு வைக்கத் தொடங்கினாள். அவளுடைய தகப்பன் ஊரில், உரும்பிராயில், வெங்காயம் செய்தவர். கிழங்கை விரலால் அமத்திப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அவளுக்குச் சின்ன வயதிலேயே கைவந்தது. ஒஸ்லோவுக்கு நாங்கள் இறங்கி வந்து, மகள் நிலா பிறந்து, வளர்ந்து, படித்து, கல்யாணம் கட்டி நகரத்தின் மற்றப் பக்கம் மோர்டென்ஸ்ருட்டில் குடியேறியது வரைக்கும் எங்கள் வீட்டுக் குளிர்காலம் என்றால் ஆறு சாடி நீல ஹியாசிண்ட். ரைடுன் நத்தாருக்குப் பூக்க வைப்பாள். மங்கை நாட்களை எண்ணித் தைப்பொங்கலுக்குப் பூக்க வைப்பாள். இங்கே பொங்கலன்று வெளியே அடுப்பு மூட்ட முடியாது, வாசலில் கோலம் போட்டால் பனியில் போட வேண்டும். அதனால் குசினியில் மின்னடுப்பில் பால் பொங்கும்போது பக்கத்தில் அந்தச் சாடிகள் நிற்க வேண்டும் என்பது அவளாக வைத்த சாத்திரம்.

முந்தின வருடம் மாசியில் அவளுக்கு வயிற்றில் வருத்தம் பிடித்தது. அந்த வருத்தத்தின் பெயரை இப்போதும் என்னால் இலேசாக எழுத முடியவில்லை, உங்களுக்கு விளங்கும். மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டியது, திரும்ப ஏற்றினார்கள். ஓகஸ்ட் கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு சந்திப்பு. இளம் வயது டாக்டர் அம்மா, கண்ணைப் பார்த்துக் கதைக்கிறவர். மொழிபெயர்க்கிறவர் தொலைபேசியில் இருந்தார். டாக்டர் காகிதங்களைச் சரிப்படுத்திக்கொண்டு தொடங்கப் போனதும் மங்கை என் சட்டைக் கையைப் பிடித்தபடி சொன்னாள்.

"இவரிட்டைச் சொல்லுங்கோ. இவர் எனக்குச் சொல்லுவார்."

டாக்டருக்கு இது விளங்கவில்லை. இது உங்களுடைய உடம்பு, உங்களுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார். மங்கை திரும்பவும் அதையே சொன்னாள். உங்கள் கணவர் உங்களை அப்படிச் சொல்லச் சொன்னாரா என்றுகூட டாக்டர் கேட்டார். மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவரோ? இவர் எனக்குச் சொல்லிக் குடுக்கிற ஆளோ?" என்றாள். தொலைபேசியில் இருந்தவர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது, டாக்டர் சிரிக்கவில்லை. மங்கை தாதியோடு பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போனாள். கதவு சாத்தியதும் டாக்டர் என்னிடம் சொன்னார். மருந்து இனிக் கேட்காது. நத்தார்வரைக்கும் இருக்கலாம், ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். எங்கேயாவது போக, யாரையாவது பார்க்க அவவுக்கு ஆசை இருந்தால் செப்டெம்பருக்குள் போய்விட்டு வாருங்கள், பிறகு பயணம் செய்ய உடம்பு விடாது.

அறைக்கு வெளியே நடையில் மங்கை கையில் பஞ்சை அமத்தியபடி நின்றாள். "என்னவாம்?"

"பயப்பிட ஒண்டுமில்லையாம். மருந்தைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டிப் பாப்பமாம்."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப சரி" என்றாள்.

என்னைத் திட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். எங்கள் ஊரில் வருத்தக்காரரிடம் வருத்தத்தின் பெயரைச் சொல்வதில்லை. என் தகப்பனுக்கு நாங்கள் சொல்லவில்லை. கடைசிவரைக்கும் அல்சர் என்றுதான் சொன்னோம், அவரும் அல்சருக்கென்று பால்கஞ்சி குடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். சொல்லாமல் விடுவது எங்களுக்கு அன்பு. போர்வை போர்த்துவது மாதிரி. மங்கை "இவரிட்டைச் சொல்லுங்கோ" என்றபோது, என்னால் தாங்க முடியாததை நீங்கள் வாங்கி வைத்திருங்கோ என்று கேட்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். "இவர் எனக்குச் சொல்லுவார்" என்று அவள் அதற்குப் பின்னால் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. அது ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று தள்ளிவிட்டேன்.

உரும்பிராயில் இருக்கிற தங்கச்சி ராணியை மங்கை பார்த்துப் பதினொரு வருடம். அந்த நாட்களில் ராணி ஒவ்வொரு நாளும் வாங்கோ வாங்கோ என்று போனில் கரைச்சல் கொடுத்தாள். மங்கை என்னைப் பார்த்தாள். "இப்ப போவமோ, சித்திரைக்குப் போவமோ? இந்த மொட்டைத் தலையோடை போய் அவளுக்கு முன்னாலை நிக்க ஒரு மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் வளரட்டும் என்ன?" நான் சித்திரைக்கே போவோம் என்றேன். என் வாயாலேயே சொன்னேன். அந்தச் சொல்லை இன்றைக்கும் திரும்பக் கூப்பிட முடியுமென்றால் முழங்காலில் நடந்து போய் எடுத்துக்கொண்டு வருவேன்.

நிலாவுக்கு மட்டும் சொன்னேன். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். இங்கே பிறந்த பிள்ளை, அவள் வெடித்தாள். "அப்பா, அம்மா சின்னப்பிள்ளை இல்லை. அவதான் பசியென்ட், வருத்தக்காரி. நீங்கள் அம்மான்ரை நாளையெல்லாம் எடுத்து உங்கடை பொக்கற்றுக்கை வைச்சிருக்கிறியள்." இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கியபோதும் தாயின் முன்னால் வாயைத் திறக்கப் பயந்து, வந்தால் பாத்திரம் கழுவிக்கொண்டே நிற்பாள். எங்கள் வீட்டில் அவ்வளவு பாத்திரம் இல்லை.

ஒக்டோபர் தொடக்கத்தில் மங்கையும் நானும் கிழங்கு வாங்கப் போனோம். அதுதான் அவள் கடைசியாக ஒரு கடைக்குள் நடந்தது. பெட்டிக்குள் கையை விட்டு, அமத்தி, மணந்து, ஆறைப் பொறுக்கினாள். வீட்டுக்கு வந்து தன் கையாலேயே சாடிகளில் ஊன்றினாள். நிலவறைப் படியில் இறங்க அவளால் ஏலாது, அதனால் கதிரையில் இருந்துகொண்டு எனக்கு உத்தரவு போட்டாள். கொண்டுபோய்க் கீழே குளிரிலே வைக்க வேண்டும், தொப்பி போட வேண்டும், மண் காய விடக் கூடாது, நனையவும் விடக் கூடாது. டிசம்பர் நடுவில் மேலே ஏற்றினால் பொங்கலுக்குச் சரியாக இருக்கும்.

ஆறு சாடியையும் ஒரு பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் மாடிப்படியில் நின்றுவிட்டேன். பொங்கலுக்கு என்கிறாள். நத்தாரையே நம்ப வேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றும் இருந்தது. நிலவறையின் அந்தக் குளிர் எனக்குத் தெரியும். இலை இல்லாத, தோல் மட்டும் போர்த்திய ஒன்றை அங்கே கொண்டுபோய் விட எனக்கு மனம் வரவில்லை. பிறந்தது முதல் வெயிலில் வளர்ந்தவன் புத்தி அப்படித்தான் போகும். சூடு கொடுத்தால் எது வளராது? கத்தரி வளரவில்லையா, மல்லிகை வளரவில்லையா? அவள் மூச்சு வாங்கி அயர்ந்து படுக்கும்வரை காத்திருந்து, சாடிகளைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்தேன். முன் கதவுக்குப் பக்கத்தில் குளிருடுப்புகள் தொங்குகிற சின்ன அறை, அதன் சுவரோரமாகச் சுடுதண்ணிக் குழாய் ஓடுகிறது. அதில் வைத்தேன். அவள் சொன்ன இருட்டை வைத்துக்கொண்டேன், குளிரை எடுத்துவிட்டேன். அரைவாசிக் கட்டளையை நிறைவேற்றினேன் என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நாடகம். மங்கை கேட்பாள், "கிழங்கு எப்பிடி?" நான் ஜக்கெற்றைப் போட்டு, திறப்பை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கி, எங்களுடைய வெறும் அறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறி வருவேன். "முளை வந்திட்டுது." "ஒரு விரல்." "ரெண்டு விரல்." அவள் சந்தோஷமாகத் தலையாட்டுவாள்.

ஒருநாள் ரைடுன் என்னைக் கண்டுவிட்டாள். வெறும் சூட்கேசுகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் நிற்கிறான். "எல்லாம் சரிதானே?" என்று கேட்டாள். சரி, சரி என்றேன். ஊரில் என்றால் இந்த இடத்தில் பத்துக் கேள்வி வந்திருக்கும், என் வாயைக் கிண்டி உண்மையை எடுத்துக்கொண்டுதான் விட்டிருப்பார்கள். ஒருவேளை அது நல்லதாகவும் இருந்திருக்கும். ரைடுன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மனிசன் தனியாக இருந்து துக்கப்பட ஒரு இடம் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அடுத்த நாள் நான் இறங்கியபோது எங்கள் அறைக்கு முன்னால் ஒரு மடக்குக் கதிரை விரித்து வைத்திருந்தது. அந்த நேரத்துக்கு அவள் அதற்குப் பிறகு நிலவறைப் பக்கம் வரவே இல்லை. ஒரு பொய்க்கு இருக்கை போட்டுக் கொடுத்த நல்ல மனுசி.

கிழங்குகளில் மூன்று அழுகிப் போயின. நான் பயத்தில் தண்ணியை வேறு கூட ஊற்றியிருந்தேன். மிச்சம் மூன்றும் இலை விட்டன. டிசம்பர் முதல் கிழமையில், இலைகளின் நடு இடுக்குக்குள், தண்டே இல்லாமல், நசுங்கிப்போன நாலைந்து நீலப் பூக்கள் எட்டிப் பார்த்தன. எனக்கு என்றால் அது பூ. பூத்துவிட்டது, அவள் இருக்கும்போதே பூத்துவிட்டது. நான் அழுதேன். மூன்றில் நல்லதை எடுத்துத் துடைத்து, அவளுடைய படுக்கைக்குக் கொண்டுபோனேன்.

"இஞ்சை பார், உனக்கொரு சாமான்."

மங்கை அதை வாங்கி மடியில் வைத்தாள். இலையை விரித்து உள்ளே பார்த்தாள். மணந்து பார்க்கவில்லை. விரலை விட்டுத் தண்டு இருக்கவேண்டிய இடத்தைத் தடவினாள். வெங்காயக்காரனின் மகள், அவளிடம் போய் நான் மறைக்க முடியுமா?

"இதுக்கு நீங்கள் குளிர் காட்டேல்லை."

நான் அவளுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"கீழை வைக்கேல்லை. சூட்டிலை வைச்சிருக்கிறியள்." அவள் குரலில் கோபம் இல்லை, கணக்குப் பார்க்கிறவளின் குரல். "பொங்கலுக்கெண்டு சொல்லித் தந்தனான். பொங்கலுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேலை கிடக்கு. உங்களுக்கு என்ன அவசரம்?"

நான் சாடியைப் பார்த்தேன். யன்னலைப் பார்த்தேன். மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது.

"இஞ்சேருங்கோ, என்னைப் பாருங்கோ. டொக்டர் எவ்வளவு நாள் சொன்னவ?"

சொன்னேன். பதினான்கு கிழமை வாயில் வைத்திருந்ததை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். செப்டெம்பரில் பயணம் போகச் சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு மனம் இன்றும் சொல்கிறது, பாருங்கள், அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவே இல்லை.

அவள் விரித்த இலைகளைத் திரும்ப மூடினாள். பிறகு சொன்னாள், "அப்பவே சொல்லியிருந்தா நான் மொட்டைத் தலையோடையே போய் ராணியைப் பாத்திருப்பன்."

"உன்னாலை தாங்கேலாது எண்டு..."

"நான் தாங்குவனோ இல்லையோ எண்டு என்னட்டைக் கேட்டியளோ? இவர் எனக்குச் சொல்லுவார் எண்டுதானே அந்த டொக்டர்ப் பிள்ளையிட்டைச் சொன்னனான். அந்நிய ஆளின்ரை வாயிலை கேக்க வேண்டாம், உங்கடை வாயிலை கேப்பம் எண்டு." அவள் சாடியை என்னிடம் திருப்பித் தந்தாள். "கிழங்கு எப்பிடி எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டனான். ஒருநாளாவது கொண்டுவந்து காட்டுங்கோ எண்டு கேட்டனானோ?"

"இல்லை."

"ஏன் கேக்கேல்லை தெரியுமோ? காட்டச் சொன்னா நீங்கள் காட்டமாட்டியள் எண்டு பயம்."

அன்றைக்குப் பின்னேரமே ராணிக்கு வீடியோவில் அழைப்பு எடுக்கச் சொன்னாள். கதவைச் சாத்தச் சொன்னாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருவரும் கதைத்தார்கள். நான் வெளியே குளிருடுப்பு அறையில், அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். அழுகை கேட்கும் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் கூடக் கேட்டது. ராணி வரப் பார்த்தாள், ஆனால் அவளுடைய பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. வீட்டை விட்டு வெளிக்கிடாதவள் அதை ஏன் புதுப்பிக்கப் போகிறாள்? ஓடி ஓடி முயன்றாள், நேரம் போதவில்லை.

மங்கை அந்தக் கடைசிக் கிழமைகளில் என்னோடு கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தீர்மானித்தாள். எந்தச் சீலை உடுத்துவது, தாலிக்கொடியை எப்போது நிலாவிடம் கொடுப்பது. நிலா இப்போது பாத்திரம் கழுவாமல் கட்டிலில் ஏறித் தாயோடு படுத்திருந்தாள், இருவரும் நோர்வேஜிய மொழியும் தமிழும் கலந்து குசுகுசுத்தார்கள். சாம்பலைப் பற்றியும் மங்கைதான் பேச்செடுத்தாள். ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைப்பேன் என்று சொன்னேன். பாதியை இங்கே வைத்துப் பாதியை அங்கே கரைக்கலாமா என்று நிலா கேட்டாள். விசாரித்தால், இந்த நாட்டில் சாம்பலைப் பங்கு போட விடமாட்டார்களாம். ஒரு ஆளுக்கு ஒரு இடம்தான். மங்கை நிலாவைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"அப்ப இஞ்சையே வையுங்கோ. பிள்ளை வந்து நிக்க ஒரு இடம் வேணும். ராணிக்கு ஒரு கிழங்கு கொண்டுபோய்க் குடுங்கோ. இந்த வாசத்தை அவள் ஒருநாளும் மணந்ததில்லை."

"அங்கை குளிர் இல்லையே, மங்கை."

"பிரிட்ஜ் இருக்கு. பத்துக் கிழமை வைக்கச் சொல்லுங்கோ. பழங்களோடை மட்டும் வைக்கப்படாது, பூக் கருகிப் போயிடும்." என்னைப் பார்த்து, நெடுநாளைக்குப் பிறகு பழையபடி முகத்தைச் சுளித்தாள். "சொன்னதைச் சொன்னமாதிரிச் செய்யுங்கோ. உங்கடை மூளையைப் பாவியாதையுங்கோ."

நத்தாரை நம்ப வேண்டாம் என்றார்கள். அவள் நத்தாரைக் கண்டாள். வருடப்பிறப்பையும் கண்டாள். பொங்கலன்று காலை நிலா குசினியில் பால் வைத்தாள். மங்கையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தேன். பால் பொங்கியது, அவள் கைகூப்பினாள். அடுப்புக்குப் பக்கத்தில் சாடிகள் நிற்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நிலவறையில் நான் வைத்திருந்தால் அன்றைக்குச் சரியாகப் பூத்திருக்கும், ஒருநாள் முந்தாமல் பிந்தாமல். அவளுக்கு நாள் இருந்தது. நான்தான் அவசரப்பட்டேன். பொங்கல் கழிந்து நாலாம் நாள் மங்கை போய்விட்டாள்.

அந்த மாரி முழுக்க நான் நிலவறைக்குப் போய் ரைடுன் வைத்த கதிரையில் இருந்தேன். இப்போது நிசமாகவே. இந்தத் தடவை கதிரையின் மேல் ஒரு கம்பளிப் போர்வையும் மடித்து வைத்திருந்தது.

ஒக்டோபர் வந்ததும் கிழங்கு வாங்கினேன். அவள் அமத்தியதுபோல அமத்திப் பார்த்தேன், எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தன. நிலாவும் நானும், மங்கையின் சாம்பலைப் புதைத்த இடத்துக் கல்லுக்கு முன்னால் மண்ணைத் தோண்டி ஐந்தை ஊன்றினோம். வெளி மண்ணில் ஊன்றுவதற்குத் தொப்பியும் வேண்டாம், அறையும் வேண்டாம், பனியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமாம். ஆறாவதை நான் உரும்பிராய்க்குக் கொண்டுபோனேன். உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி, விமான நிலையத்தில் ஒருவருக்கும் சொல்லாமல். இது சரியில்லை என்று தெரியும். நான் செய்த பிழைகளில் இது கடைசி வரிசையில் நிற்கட்டும்.

ராணி அதைக் கையில் வாங்கி, வெங்காயம் போலவே அமத்திப் பார்த்தாள். அக்காவின் அதே விரல், அதே பெருவிரல் வளைவு. ஐஸ்கிறீம் டப்பாவில் மண் போட்டு ஊன்றி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருந்த மாம்பழம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அங்கே வைத்தாள். பழம் வாங்கினால் இனி அன்றைக்கே தின்ன வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டாள். நான் திரும்பி வந்தபிறகு ஒவ்வொரு நாளும் வீடியோவில் கூப்பிட்டு, பிரிட்ஜைத் திறந்து, மூடியை விலக்கிக் காட்டுவாள். வேர்த்துக்கொண்டிருக்கும் முகத்தோடு அந்த வெளிச்சத்துக்குள் குனிவாள். "அக்காவை ஒருக்காப் பாத்திட்டன், மூடுறன்" என்பாள். அந்த வீட்டில் அந்த ஒரு தட்டில் மட்டும் நோர்வே நடந்துகொண்டிருந்தது.

போன கிழமையில் இருந்து அவள் காட்டுவதில்லை. ஒருநாள் போன் மகனிடம் என்றாள். ஒருநாள் கை ஈரம் என்றாள். மழையென்று அங்கே கரண்ட் அடிக்கடி நிற்கிறதாம், ஒரு தடவை ஒன்றரை நாள் வரவில்லையாம்.

நேற்று மத்தியானம் நான் மங்கையின் கல்லடியில் நின்றபோது அழைப்பு வந்தது. நாளைக்கு மறுநாள் பொங்கல். கல்லின் பாதிவரைக்கும் பனி. கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தேன். ராணியின் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"கிழங்கு எப்பிடி, ராணி?"

"நல்லாக் கிடக்கு அத்தான். ரெண்டு விரல் வந்திட்டுது."

நான் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அவளே அவசரமாகச் சொன்னாள், "காட்டலாம், கரண்ட் இல்லை அத்தான். திறந்தா குளிர் போயிடும்."

அவளுக்குப் பின்னால், சுவரில், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓம் ஓம், திறக்காதை" என்றேன். "அப்பிடியே இருக்கட்டும்."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு நின்றேன். நிலாவும் நானும் ஊன்றிய ஐந்தும் என் சப்பாத்துக்கு முன்னால், பனிக்கு அடியில் எங்கோ கிடந்தன. காலால் கொஞ்சம் விலக்கினால் முளை வந்ததா என்று பார்த்துவிடலாம். நான் பார்க்கவில்லை.